லேப் சீனைக் காணோம்

படத்தின் சென்சார் சான்றிதழில் நூற்று நாற்பத்திரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. படம் தொடங்கும்போது மணி பதினொன்று பத்து. இடைவேளை பதினைந்து நிமிடம். அப்படியென்றால் ஒன்று நாற்பத்தேழுக்கு முடிந்திருக்க வேண்டும். ஹுமேரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபத்தெட்டு. திரை வெறுமையாக இருந்தது. விளக்கையும் போட்டுவிட்டார்கள்.

"பத்தொம்பது நிமிஷம் எங்க போச்சு?" என்று கணவனிடம் கேட்டாள்.

முதசிர் அப்போதுதான் முகத்திலிருந்து கைகளை எடுத்தான். "முடிஞ்சிருச்சா? அல்லாவே! வா, வூட்டுக்குப் போலாம்."

அவன் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் துணிக்கடை வைத்திருக்கிறவன். விரலில் ஊசி குத்தி ஒரு பொட்டு ரத்தம் வந்தாலே நாற்காலி தேடுவான். ஹுமேரா அதற்கு நேர் எதிர். அரசு மருத்துவமனைக்கு எதிரில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் கையை நீட்டுவார்கள். வேலையில் இவ்வளவு ரத்தம் பார்த்தும் சலிக்காமல், கொடூரமான பேய்ப் படம் எது வந்தாலும் போய்விடுவாள். அதில் கை கால் பிய்ந்து தெறிப்பதை முறுக்கைக் கடித்துக்கொண்டே ரசிப்பாள். ரத்தத்தின் நிறம் தவறாக இருந்தால் மட்டும் கோபம் வரும். "நரம்புல எடுக்கற ரத்தம் கருஞ்செவப்பா இருக்கணும். இது என்ன, தக்காளி சாஸு!" என்று பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொல்லுவாள்.

'சதைப்பூ' முதல் பாகத்தை மூன்று வருடத்துக்கு முன்னால் இதே தியேட்டரில்தான் பார்த்தாள். பவளம் என்ற செத்துப்போன பெண், மலை பங்களா ஒன்றில் ஏழு பேரைக் கொல்லுவாள். ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு துண்டுத் தோலை மட்டும் கிழித்துக்கொண்டு போவாள். ஏழாவது ஆள் அவளுடைய சொந்த அம்மா. மகள் போட்டோவுக்குத் தினமும் பூ வைத்துக் கும்பிடுகிற அம்மா. அவளை எதற்குக் கொன்றாள் என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. மூன்று வருடமாக ஹுமேரா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் ஐஸ்வர்யாவோடு சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள். "அம்மா ஏதோ பண்ணியிருக்கா" என்பாள் ஹுமேரா. "டைரக்டருக்குக் கிளைமாக்ஸ் கெடைக்கல, அவ்வளவுதான் அக்கா" என்பாள் ஐஸ்வர்யா.

இரண்டாம் பாகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதுவும் விஞ்ஞானத்தோடு கலந்து சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாரும் எழுதினார்கள். எங்கே பதில் கண்ணில் பட்டுவிடுமோ என்று மேற்கொண்டு எதையும் படிக்காமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டியை ஐஸ்வர்யாவிடம் மாற்றிக்கொண்டு, முதசிரைக் கெஞ்சி இழுத்து வந்தாள்.

முதல் பாதி பிரமாதம். ரத்தம் ரத்தமாகவே இருந்தது. ஒரு பெரியவரின் முதுகுத்தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் தானாகக் கழன்று, தரையில் ஊர்ந்து, கதவுக்கு அடியில் புகுந்து போனபோது தியேட்டரே அலறியது. ஹுமேரா கை தட்டினாள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சாவியோடு வருகிறாள். கதவைத் திறக்கக் கையை வைக்கிறாள். அடுத்த நொடி, உடம்பெல்லாம் ரத்தத்தோடு ஆம்புலன்சில் அழுதுகொண்டிருக்கிறாள். "இப்பத்தான் எல்லாம் புரியுது" என்கிறாள். அவளுக்குப் புரிந்தது. தியேட்டரில் யாருக்கும் புரியவில்லை.

முதசிர் வாசல் பக்கம் நடந்தான். ஹுமேரா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் மாதவராஜ் ஐம்பது வயதுக்காரர். பளபளப்பான வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"சொல்லுங்க மேடம். ஏசி பத்தலைங்களா?"

"ஏசி இருக்கட்டும் சார். படத்துல பத்தொம்பது நிமிஷத்தக் காணோம்."

அவர் சிரித்தார். "ஓ, அதுங்களா! அது லேப் சீனுங்க. வெள்ளிக்கெழமை மொத ஷோவுல போட்டுப் பாத்தோம். ஆளாளுக்குப் போனை எடுத்துட்டாங்க. செல்லு, கல்ச்சருன்னு ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருக்கறாங்க. அதான் தூக்கிட்டோம். நீங்க கவலையே படாதீங்க, வெட்டு குத்துல பெருசா கை வைக்கல. ரத்தம் அப்படியொண்ணும் கொறையாது."

"அதுலதான சார் கதையே இருக்குது?"

"பேய்ப் படத்துக்குக் கதை என்னாத்துக்குங்க? பயந்தோமா, கத்துனோமா, வூட்டுக்குப் போனோமான்னு இருக்கணும். சயின்ஸெல்லாம் நம்ம தருமபுரி ஜனத்துக்குப் புரியாதுங்க. சேலத்துல முழுசா ஓடுது, அங்க போய்ப் பாருங்க."

இழுவையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் ஹுமேரா ஒருவேளை திட்டிவிட்டுப் போயிருப்பாள். 'புரியாது' என்றதும் அவளுக்குக் காது சூடானது. வீட்டில் உருது பேசுகிறவள். ஆனால் சண்டை என்று வந்தால் தமிழ்தான்.

"சார், சித்தேரி மலையிலிருந்து மொத பஸ்ஸப் புடிச்சு, வெறும் வயித்துல வந்து உக்காந்திருக்கறாங்க என்கிட்ட. மூணு மாசத்துச் சர்க்கரை இந்த ஒரு ட்யூப் ரத்தத்துல எப்படிம்மா தெரியுதுன்னு கேக்கறாங்க. நான் சொல்றேன். அவங்களுக்குப் புரியுது. அடுத்த தடவை வரும்போது பக்கத்தூட்டு ஆளுக்கு அவங்களே சொல்றாங்க. புரியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அட, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு பாஸ் தரச் சொல்றேன். அடுத்த வாரம் நல்ல காமெடி படம் வருது, குடும்பத்தோட வாங்க."

"எனக்குக் காமெடி வேணாம். லேப் சீன் வேணும்."

மாதவராஜ் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். முதசிர் அங்கே வந்து நின்றிருந்தான். "பாய், நீங்களாச்சும் கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதுங்களா?"

"அவரு படத்தையே பாக்கல சார், கண்ண மூடிட்டு இருந்தாரு. என்கிட்டயே பேசுங்க."

மாதவராஜின் முகம் மாறியது. "பேச ஒண்ணுமில்லீங்க. என் தியேட்டர்ல எத ஓட்டணும் எத ஓட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் முதசிர் அவள் கையைப் பிடித்தான். "விடு ஹுமேரா. ஒரு சினிமாவுக்கு இவ்வளவு கோபமா? பசிக்குது."

"உங்களுக்குப் பசிச்சா போங்க. நான் வரல."

இரண்டரை மணிக் காட்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே, வேப்பமர நிழலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஹுமேரா நேராக அங்கே போனாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, பரிசோதனை நிலையத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள்.

"ஒரு நிமிஷங்க. இந்தப் படத்துல பத்தொம்பது நிமிஷத்த வெட்டிட்டாங்க. பவளம் ஏன் அம்மாவைக் கொன்னாங்கறது அதுலதான் இருக்குது. நமக்குப் புரியாதாம், அதனால தூக்கிட்டாங்களாம். தெரிஞ்சிட்டுப் போங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். அதற்குள் ஒரு ஆள் முன்னால் வந்தார். பொம்மிடியிலிருந்து மனைவியோடு பஸ் ஏறி வந்திருந்தவர். பெயர் இளம்பரிதி, எலெக்ட்ரீஷியன் வேலை.

"என்னுங்க சொல்றீங்க? வெட்டிட்டாங்களா?"

"ஆமாங்க. மேனேஜரே சொன்னாரு. தருமபுரி ஜனத்துக்கு சயின்ஸ் புரியாதாம்."

"எனக்குப் புரியுதா புரியலையான்னு நான் பாத்துட்டுச் சொல்றனுங்க. பாக்கறதுக்கு முன்னாடியே இவரு எப்படிங்க சொல்றாரு?" இளம்பரிதி மனைவியைப் பார்த்தார். "மலரு, நீ அம்மா மேட்டர் தெரியணும்னுதான வந்த?"

"பின்ன?" என்றாள் மலர்விழி. "அதத் தெரிஞ்சுக்காம நான் போமாட்டேன்."

குரல்கள் கூடின. மாதவராஜ் படியிறங்கி வேகமாக வந்தார். "யாரும் கலாட்டா பண்ணாதீங்க. போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க சார்" என்றாள் ஹுமேரா. "சான்றிதழ்ல நூத்தி நாப்பத்திரெண்டு நிமிஷம்னு போட்டுட்டு நூத்தி இருபத்திமூணு நிமிஷம் ஓட்டுறீங்க. அவங்ககிட்டயும் அதச் சொல்றேன்."

அப்போதுதான் யாரும் எதிர்பாராமல் முதசிர் வாயைத் திறந்தான். பொது இடத்தில் குரல் உயர்த்தி அவன் பேசி ஹுமேரா பார்த்ததில்லை.

"சார், நான் துணிக்கடை வச்சிருக்கேன். அஞ்சரை மீட்டர் சேலை கேக்கறாங்க. நடுவுல முக்கா மீட்டர் டிசைன் உங்களுக்குப் புரியாதுன்னு வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கத்தையும் தச்சுக் குடுத்தா வாங்குவீங்களா? உங்க வூட்டுல கட்டுவாங்களா?"

கூட்டம் ஆர்ப்பரித்துச் சிரித்தது. மாதவராஜுக்கு வேர்த்தது. அந்த நேரத்தில் மாடிப்படியிலிருந்து ஒரு வயதான ஆள் இறங்கி வந்தார். மாரியப்பன், அந்த தியேட்டரின் ஆபரேட்டர். முப்பது வருடமாகப் படம் ஓட்டுகிறவர். பிலிம் ரோல் போய் கம்ப்யூட்டர் வந்தபோது புதிய மெஷினையும் அவரே கற்றுக்கொண்டார். டீ குடிக்க வந்தவர், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சார்," என்றார் மேனேஜரிடம், மெதுவாக. "நான் அன்னிக்கே சொன்னனுங்க. நீங்க நேரத்த எழுதிக் குடுத்தீங்க, நானும் அந்த எடம் வந்தா தாவ விட்டுடறேன். ஆனா ஒவ்வொரு ஷோவுக்கும் மனசு ஒப்பலைங்க. அந்த லேப் சீன்தான் படமே."

"உனக்கு என்ன மாரியப்பா தெரியும்?"

"எட்டாவதுதாங்க படிச்சிருக்கேன். வியாழக்கெழமை டெஸ்ட் ஓட்டும்போது தனியா உக்காந்து பாத்தேன். அந்தப் புள்ளயோட செல்லு சாவாம வளந்துட்டே இருக்குதுங்க. அதத் துண்டு துண்டா எடுத்து..."

"அண்ணா, சொல்லாதீங்க!" என்று ஹுமேராவும் மலர்விழியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மாதவராஜ் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, போடறேன். முழுசா போடறேன். எத்தன பேரு எந்திரிச்சுப் போறாங்கன்னு நீங்களே பாத்துக்கங்க."

ஹுமேரா மறுபடி டிக்கெட் எடுத்தாள். கேன்டீனில் சமோசா வாங்கி முதசிர் கையில் கொடுத்தாள். "லேப் சீன்ல ரத்தம் இருக்காதுல்ல?" என்று கேட்டான். "தெரியாது" என்றாள், உண்மையாகவே.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி கதவில் கையை வைத்தாள். கதவு திறந்தது.

உள்ளே குளிர்ந்த நீல வெளிச்சம். கண்ணாடி அலமாரியில் வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கான தட்டுகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பாகத் தோல் வளர்ந்துகொண்டிருந்தது. பவளத்தின் தோல். பதினெட்டு வயதில் ஆஸ்பத்திரியில் செத்தபோது அவள் உடம்பிலிருந்து எடுத்த செல்கள். மற்றவர்களின் செல்கள் கொஞ்ச நாளில் செத்துவிடும். இவளுடையது சாகவில்லை. அதை வளர்த்து, தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டுத் தோலாக வைத்தார்கள். முதல் பாகத்தில் செத்த முதல் ஆறு பேரும் அந்தத் தோலை வாங்கியவர்கள்தான். கதாநாயகி ஒரு தட்டை உற்றுப் பார்த்தாள். தோல் தட்டின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. தட்டைத் திருப்பி வைத்தாள். தோல் மெல்ல ஊர்ந்து மறுபடி அதே திசைக்குப் போனது. அலமாரி முழுவதும், அத்தனை தட்டிலும், அதே திசைக்கு ஒதுங்கியிருந்தது. பவளத்தைப் புதைத்த இடம் இருக்கிற திசை.

ஹுமேராவின் கைமயிர் குத்திட்டு நின்றது. சத்தமில்லை, ரத்தமில்லை. இவ்வளவு பயமான காட்சியை அவள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் படிவம் வந்தது. செல்களை எடுக்கச் சம்மதம் என்று அம்மாவின் கைநாட்டு. பெண்ணின் உடம்பை வாங்கிக்கொண்டு போக வைக்கிற கைநாட்டு என்று நினைத்து வைத்தது. "அந்தம்மாகிட்ட சொல்லலையா டாக்டர்?" என்று கதாநாயகி கேட்கிறாள். கிழட்டு டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "சொன்னாலும் அவங்களுக்கெல்லாம் புரியாதும்மா."

ஹுமேரா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பி "ச்ச்" என்றார்.

சில வருடம் கழித்து அந்த அம்மாவுக்கே ஸ்டவ் வெடித்து நெஞ்சு வெந்துபோகிறது. அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர். எந்தத் தோலை வைத்தார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மகளின் தோலை நெஞ்சில் சுமந்துகொண்டு, மகளின் போட்டோவுக்குப் பூ வைத்துக்கொண்டு அவள் பத்து வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சியை இப்போது பக்கத்தில் போய்க் காட்டினார்கள். தோல் ஓரத்திலிருந்து மெல்ல எழும்புகிறது, தூக்கத்தில் குழந்தை அம்மாவின் பிடியிலிருந்து நழுவுவதுபோல. அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கிறாள். விடமாட்டேன் என்று பிடிக்கிறாள். அதனால்தான் கிழிகிறது. ரத்தம் விரல்களுக்கு நடுவே வழிகிறது. அவள் கத்தவே இல்லை. முதல் பாகத்தில் அந்த அலறல் இல்லாததை ஒலிப்பதிவில் நடந்த தப்பு என்று ஹுமேரா மூன்று வருடமாக நினைத்திருந்தாள்.

பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முதசிர் கண்ணை மூடாமல், திரையைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தான்.

நிஜத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் அப்படிப் பார்க்கவில்லை. பின் வரிசையில் யாரோ "அறுக்காதீங்கப்பா" என்று கத்தினார்கள். சிலர் எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள். படம் முடிந்து வெளியே வந்தபோது மாதவராஜ் படியில் தயாராக நின்றிருந்தார்.

"பதினேழு பேரு எந்திரிச்சுப் போனாங்க மேடம். கதவுகிட்ட நின்னு எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"போகட்டும் சார். பிடிக்கலைன்னு அவங்களாப் போனாங்க. நீங்க அனுப்பல. அதுதான் வேணும்."

"நீங்க சொல்லுங்க, புரிஞ்சதுங்களா?" என்று மாதவராஜ் இளம்பரிதியைக் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார்.

இளம்பரிதி சற்று யோசித்தார். "ஒரு எடம் புரியலைங்க. புதைச்ச எடம் எந்தத் திசைன்னு தோலுக்கு எப்படித் தெரியும்? அதத்தான் பேசிட்டு வர்றோம்."

"அது வேர் மாதிரி" என்றாள் மலர்விழி. "தண்ணி எங்க இருக்குதுன்னு வேருக்கு யாரு சொல்றாங்க?"

நாளையிலிருந்து மத்தியானக் காட்சி மட்டும் முழுதாக ஓடும், மற்றது மூன்றும் வெட்டியபடிதான் என்று மாதவராஜ் அறிவித்துவிட்டு உள்ளே போனார். பெரிய சலுகை கொடுத்துவிட்டது போன்ற முகம். திங்கட்கிழமை போர்டில் சாக்பீசால் எழுதியும் வைத்தார்கள்: 'மதியம் லேப் சீனுடன்'. ஸ்கூட்டரில் போகும்போது அதைப் பார்த்த ஹுமேராவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காலையில் வருகிறவர்களும் சாயங்காலம் வேலை முடித்து வருகிறவர்களும் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

அன்று சாப்பாட்டு இடைவேளையில் தயாரிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். எந்த ஷாட்டில் வெட்டு, எந்த ஷாட்டில் ஒட்டு என்று இரண்டு பக்கம். ஐஸ்வர்யா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தினாள். பதில் வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து தியேட்டருக்குப் போன் வந்ததாம். புதன்கிழமையிலிருந்து நான்கு காட்சியும் முழுதாக ஓடியது. வெள்ளிக்கிழமை படத்தையே தூக்கிவிட்டு அந்தக் காமெடி படத்தைப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிவைத்த நம்பரில் ஹுமேரா மாரியப்பனுக்குப் போன் செய்தாள். "அண்ணா, மொத்தம் எத்தன ஷோ வெட்டி ஓடுச்சு?"

"பதினாறுங்க."

பதினாறு காட்சிக்கு வந்தவர்கள் எல்லாம் பவளம் சும்மாவே அம்மாவைக் கொன்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதை அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் முழுவதும், கையை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "சதைப்பூ ரெண்டாம் பாகம் பாத்தீங்களா? எந்த ஷோ?" வெட்டிய காட்சி என்று தெரிந்தால் விடமாட்டாள். ரப்பர் பட்டையைக் கட்டும்போது தோல் வளர்ந்த தட்டுகளில் கதையைத் தொடங்குவாள். ஊசி நரம்பில் இறங்கும்போது கைநாட்டுக்கு வந்திருப்பாள்.

அதியமான்கோட்டையிலிருந்து வந்த ராஜாமணி என்ற அம்மா, ட்யூப் நிறைந்து, பஞ்சும் வைத்தாகிவிட்ட பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. "அப்புறம்? ஸ்டவ் வெடிச்சுது, அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். வரிசை வாசல்வரை நின்றது. உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "ஹுமேரா, என்ன இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"ரெண்டே நிமிஷம் சார்," என்றாள் ஹுமேரா. "பாதியில விடக்கூடாது."